சூடான வியாழன்: 'இருக்கவே முடியாது' என்று நினைத்த கோள் சொல்லித்தந்த பாடம்

ஒரு வருடம் முடிய வெறும் நாலேகால் நாள். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குப் புத்தாண்டு கொண்டாடினால், வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்த புத்தாண்டு வந்துவிடும். கால் வைக்கத் தரை கிடையாது, முழுக்க வாயு. வெப்பம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து பார்த்தால் தெரியும் 'சூரியன்', நாம் பார்க்கும் சூரியனைவிட 20 மடங்குக்கும் மேல் அகலமாக இருக்கும்.

இது ஏதோ சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துக்குப் போட்ட செட் இல்லை. பூமியிலிருந்து சுமார் 50 ஒளியாண்டு தூரத்தில் நிஜமாகவே இருக்கும் ஒரு கோள். பெயர் '51 பெகாசி பி'. நம் சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றிவருவதாக உறுதியாகத் தெரியவந்த முதல் கோள் இதுதான்.

இந்த ரகத்துக்கு வானியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹாட் ஜூபிடர்', அதாவது சூடான வியாழன். இவற்றைப் பற்றிய செய்தி என்றாலே இரும்பு மழை, கண்ணாடி மழை என்றுதான் தலைப்பு வரும். ஆனால், அதைவிட முக்கியமான ஒரு கதை இதற்குள் இருக்கிறது. 1995 வரை இப்படி ஒரு கோள் இருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் துறையில் பெரும்பாலானோர் நினைத்தார்கள். அதனால் யாரும் தேடவில்லை. தேடாததால், ஏற்கெனவே கையில் இருந்த டேட்டாவில்கூட இந்த ரகக் கோள்கள் கண்ணில் படவில்லை. விண்வெளியில் ஆர்வம் இல்லாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அப்படி என்ன விசேஷம்?

நம் சூரியக் குடும்பத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். உள்ளே புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று சின்னச் சின்னப் பாறைக் கோள்கள். வெளியே வியாழன், சனி என்று ராட்சத வாயுக் கோள்கள். சூரியனிலிருந்து வியாழன் சுமார் 78 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 வருடங்கள் ஆகும். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதனுக்கே ஒரு சுற்றுக்கு 88 நாட்கள் வேண்டும்.

51 பெகாசி பி இந்த வரிசையை அப்படியே கலைத்துப்போட்டது. அதன் எடை குறைந்தபட்சம் வியாழனின் எடையில் பாதி. பூமியோடு ஒப்பிட்டால் சுமார் 150 மடங்கு. அவ்வளவு பெரிய உருவம், தன் விண்மீனிலிருந்து வெறும் 80 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சுற்றுகிறது. சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு! வேகம் நொடிக்கு சுமார் 135 கிலோமீட்டர். பூமியின் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர்தான்.

இந்தக் கோளின் தாய் விண்மீன் இருக்கும் இடம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. பூரட்டாதி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறிப்பது, பெகாசஸ் தொகுதியில் உள்ள இரண்டு பிரகாசமான விண்மீன்களை. அந்த இரண்டுக்கும் நடுவே, கோட்டிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி, மங்கலாக இருப்பதுதான் 51 பெகாசி. நகர வெளிச்சம் இல்லாத இடத்தில், கண் கூர்மையானவர்களுக்கு வெறும் கண்ணுக்கே மெல்லிய புள்ளியாகத் தெரியும். கோள் தெரியாது, விண்மீன் மட்டும்தான்.

ஏன் 'முடியாது' என்றார்கள்?

அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

ஒரு விண்மீன் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசும் கலந்த ஒரு பெரிய வட்டு உருவாகும். கோள்கள் பிறப்பது அந்த வட்டில்தான். விண்மீனுக்கு அருகில் வெப்பம் அதிகம் என்பதால் அங்கே தண்ணீர் பனிக்கட்டியாக உறைய முடியாது, கொஞ்சம் பாறையும் உலோகமும் மட்டுமே திடப்பொருளாக மிஞ்சும். தள்ளிப் போனால் பனிக்கட்டியும் சேர்ந்துகொள்ளும். மூலப்பொருள் நிறைய இருப்பதால் பூமியைப் போல 10 மடங்கு எடையுள்ள கரு உருவாக முடியும். அந்தக் கரு தன் ஈர்ப்பு விசையால் சுற்றியிருக்கும் வாயுவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ராட்சதக் கோளாகிவிடும்.

நம் சூரியக் குடும்பத்துக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே பாறை, வெளியே வாயு. சிக்கல் என்னவென்றால், அப்போது விஞ்ஞானிகள் கையில் இருந்த உதாரணமே ஒன்றுதான். ஒரே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, உலகத்தில் எல்லா வீட்டிலும் சமையலறை இதே மூலையில்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவது மாதிரி.

1952-லேயே ஒருவர் சொல்லியிருந்தார்

ஓட்டோ ஸ்ட்ரூவே என்ற வானியலாளர் 1952-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். வியாழன் அளவுள்ள ஒரு கோள் தன் விண்மீனுக்கு மிக அருகில், ஒரே நாளில் ஒரு சுற்று முடிக்கும் தூரத்தில் ஏன் இருக்கக் கூடாது என்று அதில் கேட்டார். அப்படி இருந்தால் அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளையும் சொன்னார். ஒன்று, கோளின் ஈர்ப்பால் விண்மீன் லேசாக ஆடுவதை அளப்பது. இரண்டு, கோள் விண்மீனின் குறுக்கே கடக்கும்போது வெளிச்சம் குறைவதை அளப்பது.

பிற்காலத்தில் புறக்கோள்களைக் கண்டுபிடிக்க உதவிய இரண்டு முக்கியமான முறைகளும் இவைதான். 43 வருடங்கள் கழித்து முதல் முறை வென்றது, 47 வருடங்கள் கழித்து இரண்டாவது முறை. நடுவில் அந்தக் கட்டுரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

தேடியவர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கனடாவின் புரூஸ் கேம்ப்பெல், கோர்டன் வாக்கர் ஆகியோரின் குழு, ஹவாயில் உள்ள தொலைநோக்கியில் 21 விண்மீன்களை 12 வருடங்கள் கண்காணித்தது. வியாழன் போன்ற கோள் எதுவும் கிடைக்கவில்லை என்று 1995-ல் கட்டுரை வெளியிட்டது. அவர்களுக்குப் பொறுமை இருந்தது, நல்ல கருவி இருந்தது. அதிர்ஷ்டம்தான் இல்லை. சூரியனைப் போன்ற நூறு விண்மீன்களைப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றில்தான் சூடான வியாழன் இருக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும். 21-ல் ஒன்றும் சிக்காததில் ஆச்சரியம் இல்லை.

கையில் டேட்டா, கண்ணில் படவில்லை

இன்னொரு குழுவின் கதை வேறு மாதிரி. கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஜெஃப் மார்சி, பால் பட்லர் இருவரும் 1987-லிருந்து விண்மீன்களை அளந்து டேட்டா சேர்த்துவந்தார்கள். அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் அதை அலசி முடிக்க நிறைய நேரம் பிடிக்கும். அவர்களுக்கு அவசரமும் இல்லை. வியாழனுக்கு ஒரு சுற்றுக்கு 12 வருடங்கள் ஆகும்போது, மற்ற இடங்களிலும் அப்படித்தானே இருக்கும்? பத்து வருட டேட்டா சேரட்டும், பொறுமையாகப் பார்க்கலாம் என்ற கணக்கு.

அந்தக் கணக்குதான் அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. 1995 அக்டோபரில் ஐரோப்பாவிலிருந்து அறிவிப்பு வந்ததும், உடனடியாக 51 பெகாசியை அளந்து, சில நாட்களிலேயே அதை உறுதிசெய்தவர்கள் இவர்கள்தான். பிறகு தங்கள் பழைய டேட்டாவை வேகமாக அலசினார்கள். 1996 ஜனவரியில் இரண்டு புதிய கோள்களை அறிவித்தார்கள். தொடர்ந்து, மூன்று நாளிலும் நாலரை நாளிலும் சுற்றிவரும் சூடான வியாழன்களும் அவர்கள் வெகுகாலமாகக் கண்காணித்துவந்த விண்மீன்களிடமே கிடைத்தன.

இருவர் கண்டுபிடித்தது எப்படி?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மிஷெல் மேயர், அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த டிடியே கெலோ. இவர்கள் பயன்படுத்தியது தெற்கு பிரான்ஸின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் உள்ள 193 செ.மீ. தொலைநோக்கி. அன்றைய கணக்கிலேயே அது பிரமாண்டமான தொலைநோக்கி இல்லை. அதில் பொருத்தியிருந்த 'எலோடி' என்ற நிறமாலைமானிதான் விசேஷம்.

அது என்ன செய்யும்? ஒரு குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்பா தட்டாமாலை சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பெரிய வட்டம் போடும். அப்பாவும் ஒரே இடத்தில் நிற்க மாட்டார், லேசாகப் பின்னால் சாய்ந்தபடி சின்ன வட்டம் போடுவார். குழந்தை இருட்டில் தெரியாவிட்டாலும், அப்பா ஆடுவதை வைத்தே அவர் கையில் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். விண்மீனும் கோளும் அப்படித்தான்.

அந்த ஆட்டத்தை அளக்க உதவுவது டாப்ளர் விளைவு. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்றும், கடந்து போனதும் சற்றுக் கனத்தும் கேட்கும் இல்லையா? ஒளியிலும் அதே கதைதான். விண்மீன் நம் பக்கம் வந்தால் அதன் ஒளி நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் மிக மிக லேசாக நகரும்.

51 பெகாசியின் ஆட்டம் நொடிக்கு சுமார் 55 மீட்டர். மணிக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயிலைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். அதை 50 ஒளியாண்டு தூரத்திலிருந்து பிடித்தது எலோடி.

1994-ல் இவர்கள் தொடங்கிய தேடலில் 142 விண்மீன்கள் இருந்தன. டேட்டாவை உடனுக்குடன் அலசும் மென்பொருள் கையில் இருந்தது இவர்களுக்குப் பெரிய பலம். அந்த மென்பொருளை உருவாக்கியதில் கெலோவுக்கு முக்கியப் பங்கு. மேயர் விடுப்பில் ஹவாயில் இருந்த நேரத்தில், 51 பெகாசியின் வேகம் நிலையாக இல்லை என்பது கெலோவின் கண்ணில் பட்டது. அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். தன் மென்பொருளில்தான் ஏதோ பிழை என்று நினைத்தார். திரும்பத் திரும்பச் சோதித்தார். நாலேகால் நாள் கணக்கு மாறவே இல்லை.

அப்போதும் அவர்கள் ஓடிப்போய் அறிவித்துவிடவில்லை. புறக்கோள் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, பிறகு பொய்யாகிப்போன அறிவிப்புகள் அந்தத் துறையில் ஏற்கெனவே நிறைய. அந்த விண்மீன் சூரியனின் பின்னணியிலிருந்து விலகி மறுபடி வானில் தெரியும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எந்த இரவில் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தார்கள். 1995 ஜூலையில் அளந்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது. அக்டோபர் 6 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் அறிவித்தார்கள். நவம்பரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அப்போது கெலோவுக்கு வயது 29. 2019-ல் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதி மேயருக்கும் கெலோவுக்கும் கிடைத்தது, மறுபாதி ஜேம்ஸ் பீபிள்ஸுக்கு.

சந்தேகப்பட்டவர் செய்த நன்மை

அறிவித்ததும் எல்லோரும் கைதட்டிவிடவில்லை. கனடாவின் டேவிட் கிரே 1997-ல் அதே 'நேச்சர்' இதழில் ஒரு கேள்வி எழுப்பினார். கோள் எதுவும் இல்லை, விண்மீனின் மேற்பரப்பே நாலேகால் நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது, அதைத்தான் கோள் என்று தவறாகப் படித்துவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

சோஷியல் மீடியா காலமாக இருந்திருந்தால் இரண்டு தரப்புக்கும் ஹேஷ்டேக் கிளம்பியிருக்கும். அங்கே நடந்தது வேறு. இன்னும் துல்லியமான கருவிகளால் மறுபடி அளந்தார்கள். கிரே தானும் அளந்தார். துடிப்பு இல்லை என்று தெரிந்ததும், 1998-ல் அதே இதழில் தன் வாதத்தை அவரே திரும்பப் பெற்றார். ஒரு வலுவான சந்தேகத்தைத் தாங்கி நின்றதால் 51 பெகாசி பி இன்னும் உறுதியானது.

இதை இன்றைய நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் 'கே2-18பி' என்ற கோளில் உயிர்களின் அறிகுறியாக இருக்கக்கூடிய வாயு தென்படுகிறது என்று கேம்பிரிட்ஜ் குழு அறிவித்தது. 'வேற்றுக்கிரகத்தில் உயிர்' என்று தலைப்புகள் பறந்தன. அதே டேட்டாவை அலசிய மற்ற குழுக்கள் சந்தேகம் எழுப்பிய செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. சந்தேகம் என்பது கண்டுபிடிப்புக்கு எதிரி இல்லை, அதன் அடுத்த கட்டம். அறிவிப்பைப் பெரிதாகப் போடும் ஊடகங்கள், அந்த அடுத்த கட்டத்தையும் அதே அளவில் போட வேண்டும். வாசகருக்குச் செய்யும் நியாயம் அதுதான்.

அவ்வளவு பெரிய கோள் அங்கே எப்படி வந்தது?

பழைய விளக்கம் முழுக்கத் தப்பா என்றால், இல்லை. ராட்சதக் கோள்கள் தொலைவில்தான் பிறக்கின்றன என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்றும் ஏற்கிறார்கள். விட்டுப்போனது ஒரே ஒரு விஷயம்: கோள்கள் பிறந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவை இடம்பெயரும்.

இதற்கு இரண்டு முக்கிய வழிகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, அமைதியான பயணம். கோள் பிறந்த அந்த வாயு வட்டோடு ஏற்படும் ஈர்ப்பு இழுபறியில், கோள் மெதுவாகச் சுருள் பாதையில் உள்ளே வருகிறது.

இரண்டாவது, கொஞ்சம் முரட்டுப் பயணம். பக்கத்துக் கோளோ, துணை விண்மீனோ ஈர்ப்பால் தள்ளிவிட, வட்டமாக இருந்த பாதை நீண்டு ஒடுங்கிய நீள்வட்டமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் விண்மீனுக்கு மிக அருகில் போய்த் திரும்பும்போது, கோளின் உடலே பிசையப்பட்டு ஆற்றலை இழக்கிறது. பாதை படிப்படியாகச் சுருங்கி, கடைசியில் சின்ன வட்டமாகிறது. 'எச்டி 80606 பி' என்ற கோள் 111 நாட்களுக்கு ஒருமுறை, இப்படி மிக நீண்ட பாதையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பயணத்தின் நடுவில் நாம் பார்த்துவிட்ட கோள் அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்ளே வந்த பிறகும் நிம்மதி இல்லை. 'வாஸ்ப்-12பி' என்ற சூடான வியாழனின் ஒரு வருடம், அதாவது நம் கணக்கில் ஒரு நாளும் கொஞ்சமும், ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி விநாடி குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் சுமார் 30 லட்சம் வருடங்களில் அது தன் விண்மீனில் விழுந்துவிடும் என்பது கணக்கு. வானியல் கடிகாரத்தில் அது கண்மூடித் திறக்கும் நேரம்.

இந்த இடப்பெயர்ச்சிக் கதை நம் வீட்டுக் கதவையும் தட்டியது. நம் வியாழனும் ஆரம்ப காலத்தில் செவ்வாயின் இன்றைய இடம் வரை உள்ளே வந்து, பிறகு சனியின் இழுப்பால் திரும்பி வெளியே போயிருக்கலாம் என்று 2011-ல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. செவ்வாய் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதற்கு அது ஒரு விளக்கம். இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம்தான். ஆனால், இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் தைரியத்தைத் தந்தது சூடான வியாழன்கள்.

ஒரு நிழல் சொன்ன செய்தி

ஸ்ட்ரூவே சொன்ன இரண்டாவது வழி 1999-ல் பலித்தது. டேவிட் ஷார்போனோ என்ற ஆய்வு மாணவரும் அவரது சகாக்களும், வெறும் 10 செ.மீ. தொலைநோக்கியை வைத்துக்கொண்டு 'எச்டி 209458' என்ற விண்மீனின் வெளிச்சம் சுமார் 1.5 சதவீதம் குறைவதைப் பிடித்தார்கள். குறுக்கே போனது ஒரு சூடான வியாழன். இன்னொரு குழுவும் அதே காலத்தில் இதைக் கண்டது.

வெளிச்சம் குறையும் அளவிலிருந்து கோளின் குறுக்களவு கிடைத்தது. ஆட்டத்திலிருந்து எடை கிடைத்தது. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் கோள் தண்ணீரைவிட லேசானது என்று தெரிந்தது. வியாழனைவிட எடை குறைவு, ஆனால் அகலம் அதிகம். பஞ்சு மிட்டாய் மாதிரி உப்பியிருக்கிறது. இவை ஏன் இப்படி உப்புகின்றன என்பதற்கு முழுமையான பதில் இன்னும் கிடைத்தபாடில்லை.

கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளியில் கொஞ்சம் அதன் காற்று மண்டலத்தின் வழியாகவும் கசிந்து வரும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால், காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். 2001-ல் ஹப்பிள் தொலைநோக்கி இதே கோளின் காற்றில் சோடியத்தைக் கண்டது. வேறொரு விண்மீனின் கோளில் காற்று மண்டலத்தை மனிதர்கள் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 'வாஸ்ப்-39பி' என்ற சூடான வாயுக் கோளில் கார்பன் டை ஆக்சைடைத் தெளிவாகக் கண்டது. சல்ஃபர் டை ஆக்சைடும் இருந்தது. விண்மீனின் ஒளி பட்டு அந்தக் காற்றில் வேதிவினை நடக்கிறது என்பதற்கு அது சாட்சி.

'உயிரே இருக்க முடியாத நெருப்பு உருண்டையைப் பார்த்து என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. நாளைக்கு பூமி போன்ற ஒரு கோளில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கப்போவதும் இதே முறையில்தான். பெரிய, சூடான, உப்பிய கோள்களில் பழகிய கை அது. எடுத்த எடுப்பில் சின்னக் கோளில் இதைச் செய்திருக்க முடியாது.

இந்தியாவின் பங்கு

இந்தத் துறை வெளிநாட்டவர்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் 'பாரஸ்' என்ற நிறமாலைமானி இருக்கிறது. எலோடி செய்த அதே வேலையைச் செய்யும் கருவி. அதன் உதவியோடு 2021-ல் 'டிஓஐ-1789பி' என்ற சூடான வியாழனின் எடை அளக்கப்பட்டு, அது கோள்தான் என்று உறுதியானது. மூன்று நாளும் கொஞ்சமும் அதன் ஒரு வருடம். எடை வியாழனில் 70 சதவீதம், அகலம் 1.4 மடங்கு.

இன்னொரு தொடர்பும் உண்டு. 2019-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனுக்கும் அதன் கோளுக்கும் பெயர் வைக்கும் வாய்ப்பைக் கொடுத்தது. இந்தியாவுக்குக் கிடைத்தது 'எச்டி 86081'. காஸ்மிக் கதிர் ஆய்வில் முன்னோடியான பிபா சௌத்ரியின் நினைவாக விண்மீனுக்கு 'பிபா' என்று பெயர் வைத்தார்கள். அதன் கோளுக்கு 'சந்தமஸா'. அதுவும் ஒரு சூடான வியாழன்தான், இரண்டு நாளும் கொஞ்சமும் போதும் அதற்கு ஒரு சுற்றுக்கு.

மவுண்ட் அபுவில் இருப்பது உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இல்லை. 51 பெகாசி பி கிடைத்ததும் மிகப் பெரிய தொலைநோக்கியில் இல்லை. துல்லியமான கருவி, வருடக்கணக்கில் கிடைக்கும் இரவுகள், டேட்டாவை உடனே அலசும் இளைஞர்கள், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது நடந்தது. ஆய்வு நிதியைப் பற்றிப் பேசும்போது கவனிக்க வேண்டிய விஷயம் இது. 'இன்ன பலன் கிடைக்கும்' என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் விண்ணப்பத்தில், 1994-ல் யாரும் 'நாலேகால் நாள் வருடம் கொண்ட ராட்சதக் கோள்' என்று எழுதியிருக்க முடியாது.

மறுபக்கத் தவறும் உண்டு

கதை இத்தோடு முடிந்தால், 'பழைய ஆட்கள் தவறு, புதிய ஆட்கள் சரி' என்று சுலபமாக முடித்துவிடலாம். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

1995-க்குப் பிறகு வந்த பட்டியல்களில் சூடான வியாழன்கள் வரிசைகட்டி நின்றன. அப்படியென்றால் வானம் முழுக்க இவைதானா? இல்லை. எடை அதிகம், விண்மீனுக்கு அருகில் என்பதால் ஆட்டம் பெரிது. அதனால் முதலில் சிக்கியது அவை. கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவர்கள்தான் முதலில் காதில் விழுவார்கள், அதற்காக எல்லோரும் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை.

2009-ல் கிளம்பிய கெப்ளர் விண்கலம் இந்தக் கணக்கைச் சரிசெய்தது. சூடான வியாழன்கள் அபூர்வம், நூற்றில் ஒன்றுக்கு மேல் தேறாது என்று தெரிந்தது. விண்மீனுக்கு நெருக்கமாக அதிகம் தென்பட்டவை பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவுள்ள கோள்கள். நம் சூரியக் குடும்பத்தில் அந்த அளவில் ஒன்றுகூடக் கிடையாது! உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2025-ல் 6,000-ஐத் தாண்டியது. எது 'நார்மல்' என்ற கேள்விக்கு நம் வீடு சரியான பதில் இல்லை என்பது ஒவ்வொரு வருடமும் இன்னும் தெளிவாகிறது.

நமக்கு என்ன?

ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானதுதான். ஒரு நம்பர் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். 'எரர்' என்று அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது சுலபம். பெரும்பாலும் அது எரராகத்தான் இருக்கும். கெலோவும் அப்படித்தான் நினைத்தார். வித்தியாசம், அவர் அதை அழிக்கவில்லை. பிழை எங்கே என்று தேடினார், கிடைக்காதபோது கோள் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அப்போதும் இன்னொருமுறை சோதிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை.

எதிர்பாராததை ஒதுக்கித் தள்ளாமல் இருப்பது ஒரு பாதி, அவசரப்பட்டு நம்பிவிடாமல் இருப்பது மறுபாதி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் 51 பெகாசி பி கிடைத்திருக்காது.

இப்போது உலகின் பெரிய ஆய்வு அமைப்புகள் எல்லாம் 'இரண்டாவது பூமி'யைத் தேடுகின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளேட்டோ விண்கலத்தின் முக்கிய இலக்கும், சூரியன் போன்ற விண்மீன்களின் அருகே பூமி போன்ற கோள்களைக் கண்டுபிடிப்பதுதான். நல்ல இலக்கு, தேட வேண்டியதுதான். ஆனால், 12 வருடச் சுற்றுக்காகக் காத்திருந்தவர்கள் நாலேகால் நாள் சுற்றைத் தவறவிட்ட வரலாறு நம்மிடம் இருக்கிறது. பூமியைத் தேடும் அந்த டேட்டா எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத எதையாவது தேடி அதைப் புரட்டும் ஒரு மாணவருக்கு நேரமும் நிதியும் கிடைக்க வேண்டும். அடுத்த ஆச்சரியம் எந்த விண்ணப்பத்திலும் இதுவரை எழுதப்படாத ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.